வாய்விட்டுச் சொல்லி விடும் அம்பு

1

எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு வில் இருக்கிறது. அழகுக்குச் சுவரில் மாட்டியதல்ல, மான் அடிக்கிற வில். இரண்டு முனையிலும் கப்பி உண்டு. நாற்பத்தைந்து இறாத்தல் இழுவைக்கு இறுக்கியிருக்கிறேன். பூட்டுவது, கழற்றுவது, திருத்துவது எல்லாம் நான்தான். கம்பளையிலும் கண்டியிலும் இருந்து இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் இதைக் கீழே வைத்திருப்பீர்கள். ஆயுதமா, வீட்டுக்குள்ளேயா, இவளுக்கென்ன பைத்தியமா என்று கேட்பீர்கள். கம்பளையில் இருக்கிற என் மூத்த சகோதரர், என் நானா, அதைத்தான் கேட்டார். என் புருஷன் ரிஸ்வி இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பைத்தியமெல்லாம் இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பொம்பிளை. கனடாவின் நடுவில், கோதுமை வயலும் காற்றும் மட்டுமே இருக்கிற ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. ஹலால் இறைச்சி வேண்டுமென்றால் பாதி நாள் வண்டி ஓட்ட வேண்டும், பனி கொட்டினால் அதுவும் இல்லை. வந்த முதல் குளிர்காலம் முழுக்கப் பருப்பும் டின் மீனும் தின்று எனக்கும் ரிஸ்விக்கும் மகளுக்கும் நாக்கு செத்துப் போய்விட்டது.

அப்போதுதான் மார்ஜ் வந்தார். என்னோடு அதே சமையலறையில் வெங்காயம் வெட்டியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சொந்தமாகப் பெரிய நிலம். இளவயதிலிருந்து வில்லால் மான் அடித்தவர். தோள்மூட்டு போன பிறகு அவரால் நாணை இழுக்க முடியவில்லை. "உன் கை நீளமும் என் கை நீளமும் ஒன்றுதான், நீ எடுத்துக்கொள்" என்று வில்லைப் பெட்டியோடு தந்தார். மார்க்கத்தில் வேட்டை கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். பிஸ்மில்லாஹ் என்று அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அம்பை விட்டு, அது துளைத்துக் கொன்றால் ஹலால். உயிரோடு கிடந்தால் அறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் தன் நிலத்தில் வேட்டையாட மார்ஜ் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் சரி, சொந்தப் பேரனாக இருந்தாலும் சரி, சீசன் தொடங்க முதல் அவர் கண் முன்னால் நான்கு அம்பு விட வேண்டும். முப்பது யார், அதாவது தொண்ணூறு அடி தூரம். சாப்பிடுகிற கடதாசித் தட்டுத்தான் குறி. மூன்று அம்பாவது தட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த வருஷம் வா என்பார். குறி தெரியாதவன் காயப்படுத்திவிட்டு விடுகிற மிருகம் நாள்கணக்கில் துடித்துச் சாகும் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான்.

2

வில்லுக் கடை எங்கள் ஊரில் கிடையாது. ஆகவே திருத்தவேண்டியதை வீட்டிலேயே திருத்த வேண்டும்.

எனக்கு அது புதிதில்லை. கம்பளையில் வாப்பாவுக்குத் தையல் மெசின் திருத்துகிற கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அங்கேதான். ஊசி இறங்குகிற நேரமும் கீழே பொபின் கூடு திரும்புகிற நேரமும் கொஞ்சம் தப்பினாலும் தையல் விட்டுப் போகும். இந்த வில்லிலும் அதே கதைதான். மேல் கப்பியும் கீழ்க் கப்பியும் சேர்ந்து திரும்பாவிட்டால் அம்பு தலையாட்டிக்கொண்டு போகும். இரண்டிலும் பேனையால் கோடு கீறி, மகளை நாணை இழுக்கச் சொல்லிப் பார்த்து, கேபிளை அரைச்சுற்று முறுக்கிச் சரி செய்தேன். இரும்புக் கடையில் போய் ஸ்பேனர் கேட்டேன், அந்தப் பையனுக்கு விளங்கவில்லை. கையால் திருகிக் காட்டினேன். 'ரெஞ்ச்' என்றான். சரியடா, ரெஞ்ச் என்றே வைத்துக்கொள், சாமானைத் தா.

வில் சரியா பிழையா என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரு சட்டத்தில் கடதாசியை இழுத்துக் கட்டி, நாலெட்டுத் தள்ளி நின்று அதன் ஊடாக அம்பை விட வேண்டும். அம்பு நேராகப் போனால் கடதாசியில் ஒரு வட்ட ஓட்டையும் இறகு போன மூன்று கீறலும் இருக்கும். சாய்ந்து போனால் வால் பக்கம் கடதாசியைக் கிழித்து இழுத்திருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்று பார்த்து, அம்பு குந்துகிற தாங்கியை மயிரளவு நகர்த்த வேண்டும். பிறகு இன்னொரு அம்பு. பிறகு இன்னொரு கடதாசி.

கடதாசிக்கு நான் எங்கே போவேன்? வீட்டு வாசலில் சும்மா போட்டுவிட்டுப் போகிற சுப்பர் மார்க்கட் விளம்பரத்தாள்தான். பக்கத்துக்குப் பக்கம் பன்றித் தொடை, பாதி விலை. இரண்டு கிழமையாக அந்தத் தொடைகளை நான் ஓட்டை போட்ட மாதிரி வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அதில் எனக்கொரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் வில் சரிவரவில்லை. ஒரு அம்பு வட்டமாகப் போகும். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அடுத்ததை விட்டால் இடப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்து கிடக்கும். தாங்கியை நகர்த்தினேன். கிழிந்தது வட்டமானது, வட்டமாக இருந்தது வலப்பக்கம் கிழிந்தது. நாண் தேய்ந்ததோ என்று புதுநாண் போட்டேன். அம்பு பிழையோ என்று வேறு அம்பு வாங்கினேன். வில்லைச் சுவரில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. மெசின் இப்படி மாறி மாறிச் செய்யாது. பிழையென்றால் ஒரே பிழையைத்தான் செய்யும். மாறி மாறிச் செய்தால் பிழை மெசினில் இல்லை, தைக்கிற ஆளில் என்று வாப்பா சொல்வார். அது ஞாபகம் வந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

3

நடுவில் ஒரு சிரிப்புக் கதை.

இங்கே வேட்டை அட்டை எடுக்கச் சோதனை எழுத வேண்டும். எழுதினேன், பாஸ். அட்டை வந்தது. அதில் என் பெயர் ஹனீபா. பரீதா என்கிற நான் ஹனீபாவான கதை உங்களுக்கு உடனே விளங்கும். நாங்கள் வாப்பாவின் பெயரை முன்னால் போட்டுப் பிறகு எங்கள் பெயரைப் போடுகிறவர்கள். இங்கேயுள்ள அரசாங்கக் கந்தோரில் முதலில் இருப்பதுதான் ஆளின் பெயர். விமான நிலையத்தில் ஹனீபாவானவள் வங்கியிலும் ஹனீபா, ஆஸ்பத்திரியிலும் ஹனீபா. மாற்றப் போனால் கண்டி அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு கடிதம், அதற்கு மொழிபெயர்ப்பு, அதற்கு முத்திரை. ஒரு தடவை அலைந்தேன். பிறகு போங்கடா என்று விட்டுவிட்டேன். கடிக்கிற நுளம்பை அடிக்கவே யோசித்த எங்கள் வாப்பா, மண்ணறையில் இருந்துகொண்டு கனடாவில் மான் வேட்டை அட்டை எடுத்திருக்கிறார்.

மகளுக்கு இது சிரிப்பில்லை. அவள் பெயர் ஸஹ்ரா. பள்ளிக்கூடத்தில் 'ஸாரா'. பதினேழு வயது. வீட்டுக்குள் நான் உம்மா, வாசலைத் தாண்டினால் 'மொம்'. பெற்றோர் கூட்டத்துக்குத் தகப்பன் மட்டும் வந்தால் போதும் என்கிறாள், ஏனென்றால் அவருக்குத் தலையில் முக்காடு இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் ஒரு தாய்க்குத் தெரியாதா?

வில் வந்த பிறகு மட்டும் கராஜுக்குள் வந்து நிற்பாள். ஏனென்று கேட்டால் "சும்மா" என்பாள்.

4

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்ததைச் சொல்லாமல் இந்த வில்லின் கதையைச் சொல்ல முடியாது.

தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு வந்த வாரங்களை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை, நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். எங்கோ யாரோ செய்த கொலைபாதகத்துக்கு முஸ்லிம்கள் நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு திரிந்தோம். வீடுகளில் சோதனை என்றார்கள், வாள் கத்தி இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எவ்வளவு நீளமிருந்தால் கத்தி, எவ்வளவு நீளமிருந்தால் வாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கம்பளை வீட்டில் வாப்பாவின் அறுவைக் கத்தி அலுமாரியின் மேல் தட்டில் வெள்ளைச் சீலையில் சுற்றி இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் இறங்கும். வாப்பா அதைத் தீட்டிவிட்டு நகத்தில் வைத்துப் பார்ப்பார். மாட்டுக்கு வலிக்கக் கூடாது, அதுதான் அவருடைய கவலை.

நானா அந்தக் கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றி, மீன் வாங்குகிற பையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் சந்தைக்குப் போகிற ஆள் மாதிரி நடந்து போய், பாலத்திலிருந்து மகாவலியில் போட்டுவிட்டு வந்தார். பை வெறுமையாகத் திரும்பினால் யாரும் சந்தேகப்படுவார்களோ என்று ஒரு கிலோ சாளை மீனும் வாங்கி வந்தார். அன்றைக்கு அந்த மீனைச் சமைத்தோம். வாப்பா சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

எங்கள் வீட்டைச் சோதிக்க யாருமே வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். யாரும் பிடுங்காத கத்தியை நாங்களே கொண்டுபோய் ஆற்றில் போட்டோம்.

அந்த வாரமே கண்டியிலிருந்து கம்பளைக்கு பஸ்ஸில் வந்தோம், நானும் ஸஹ்ராவும். நல்ல சன நெரிசல். பேராதனை தாண்டியதும் பிள்ளைக்குத் தண்ணீர் விடாய்த்தது. என் கையைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, "அம்மா, வதுர" என்றாள். சிங்களத்தில். பிறந்த நாளிலிருந்து உம்மா என்று கூப்பிட்ட பிள்ளை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் இல்லை, அவளுடைய வாப்பாவும் இல்லை. என் தலையில் இவ்வளவு பெரிய முக்காடு இருக்கிறது, அம்மா என்று கூப்பிட்டு என்னத்தை மறைப்பது? ஆனால் பத்து வயதுப் பிள்ளை தன்னால் முடிந்ததைச் செய்தது. நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் அவள் சட்டையில் கொட்டிவிட்டது.

அன்றிரவு ரிஸ்வியிடம் சொன்னேன், எங்காவது போய்விடுவோம் என்று. ஏன் நாட்டை விட்டுப் போனீர்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் பிள்ளையின் படிப்புக்கு என்று பதில் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையான பதில் அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான். அதே பிள்ளை இங்கே வந்து வாசலைத் தாண்டினால் 'மொம்' என்கிறது. அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?

5

வில்லுக்கு வருவோம். பிழையைக் கண்டுபிடித்தவள் ஸஹ்ராதான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடதாசியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஃபோனில் படம் பிடித்திருக்கிறாள். பிறகு மெதுவாக ஓட விட்டுப் பார்த்திருக்கிறாள். "உம்மா, இஞ்ச வாங்க. இதப் பாருங்க" என்றாள். பார்த்தேன். நாணை இழுத்து, பெருவிரல் கணுவைத் தாடை எலும்பில் ஊன்றி நிற்கிறேன். மார்ஜ் அப்படித்தான் பழக்கியிருந்தார், கை எப்போதும் தாடையில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அடுத்ததாக என் வாய் திறக்கிறது.

"பிஸ்மில்லாஹ் செல்றீங்க" என்றாள் மகள். "அந்த 'லாஹ்'ல தாட கீழ போவுது. தாட போனா கையும் போவுது. கை போனா நாணும் போவுது. செல்லாம விட்டதெல்லாம் வட்டம். செல்லி விட்டதெல்லாம் கிழிஞ்சிருக்கு."

நான் அப்படியே கதிரையில் குந்திவிட்டேன். கடதாசிக்குப் பிஸ்மி தேவையில்லை என்று சில அம்புக்குச் சும்மா இருந்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் சில அம்புக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஆள் ஒரே வில்லை மாறி மாறி விட்ட மாதிரி ஆகியிருக்கிறது. இரண்டு கிழமையாக நான் ஏசிய ஏச்செல்லாம் வில்லுக்கு. பாவம் வில்.

"அப்ப லேசுதானே" என்றார் ரிஸ்வி. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "வாய்க்குள்ளச் செல்லு. கராஜ் கதவத் தொறந்து வெச்சிட்டுக் கையில ஆயுதத்தோட அல்லாட பேரச் சத்தமாச் செல்றது எனக்கு நெஞ்சு படபடங்குது பரீதா. பக்கத்து ஊட்டாள் பொலிஸுக்கு அடிச்சா என்ன செய்ற?"

"பக்கத்து ஊட்டாள் நேத்தே கேட்டுட்டா" என்றேன். "என்ன சத்தம் எண்டு. சாப்பாட்டுக்கு முன்னால நீங்க செல்ற மாதிரித்தான் எண்டு சென்னேன். அப்படியா எண்டுட்டு, தக்காளி தந்துட்டுப் பெய்ட்டா."

"எல்லாரும் தக்காளி தர மாட்டாங்க."

அதுவும் உண்மைதான். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் சொல்லமாட்டேன். குண்டுக்குப் பிந்திய அந்த நாள்களில் கண்டியில் தன் கடைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரும் வாங்க வராத வெறும் கடைக்குள் நாள்முழுக்க நின்ற மனிசன் அவர். அப்படி நின்றவருக்குத்தான் இந்தப் பயம் வரும்.

நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். முதலில் வழக்கம் போல, "எங்கட ஊர்ல பொம்புளயள் அறுக்கிற பழக்கம் இல்லயே தங்கச்சி" என்று இழுத்தார். "பழக்கம் இல்ல. கூடாதா?" என்று கேட்டேன். கூடும் என்று ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்: "நம்மட மத்ஹபுச் சட்டப்படி பிஸ்மி செல்றது சுன்னத்துதான், கட்டாயமில்ல. செல்லாட்டியும் எறச்சி கூடும். மனசுக்குள்ள நெனச்சாப் போதும். அல்லாவுக்குக் கேக்காதா?"

"அல்லாவுக்குக் கேக்கும் நானா. எனக்குக் கேக்கணும்."

பிறகு, "கத்திய நீங்க இன்னும் மறக்கல்ல என்ன?" என்றார். நான் கத்தியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்குத்தான் ஞாபகம் வந்தது.

மார்ஜிடமும் கேட்டேன். அவர் மார்க்கம் பேசவில்லை, வேட்டை பேசினார். "இழுக்க முதல் சொல்லிவிடு, பிறகு சத்தமில்லாமல் விடு. முப்பது யாரில் மானுக்குக் குரல் கேட்கும், ஓடிவிடும்." ஓடினால் ஓடட்டும், அது எனக்கு எழுதப்பட்டதில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "உன் வில், உன் வாய்" என்றார்.

மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். சத்தத்தைக் குறை என்று எனக்குச் சொன்ன யாருமே கெட்டவர்களில்லை. அதனால்தான் பொம்பிளை ஒருத்தி காலம்பூராவும் குறைத்துக்கொண்டே போகிறாள். போதும் என்று எனக்குப் பட்டது. இந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கப் போவதில்லை. வில்லைத்தான் மாற்றுவேன்.

6

மாற்றுவது எப்படி? தாடை அசைந்தால் தாடையில் கையை ஊன்றக் கூடாது. அப்படியானால் முகத்தில் அசையாத இடம் எது?

சமையல் குசினி மேசையைச் சுற்றி மூன்று பேரும் குந்திக்கொண்டு, முகத்தில் விரலை வைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் பிஸ்மில்லாஹ் என்று சொல்லிப் பார்த்தோம். வாய்க்குக் கீழே நாடி அசைகிறது. தாடையின் மூலை அசைகிறது. காதடியில் விரல் வைத்தால் எலும்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ரிஸ்வி முதலில் முணுமுணுத்தார். "கேக்கல்ல வாப்பா, வாயத் தொறந்து செல்லுங்க, இல்லாட்டி எப்பிடித் தெரியும்?" என்று மகள் அவரை ஏசினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சத்தம் விட்டார் பாருங்கள், நான் பயந்துபோனேன். கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில் அந்த மனிசனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. மூன்று பேரும் சிரித்தோம், வயிறு நோகச் சிரித்தோம். அப்புறம் ஸஹ்ராதான் கண்ணுக்குக் கீழே கன்னத்து மேட்டு எலும்பில் விரலை வைத்தாள். "இது அசையல்ல" என்றாள். என் கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். எவ்வளவு கத்தினாலும் அந்த எலும்பு அசையவே இல்லை.

கை மேலே போனால் எல்லாம் மாறும். நாணின் நடுவே ஒரு சின்ன வளையம் செருகியிருக்கும், அதன் வழியாகத்தான் குறி பார்ப்பது. கை உயர்ந்தால் அந்த வளையத்தை இறக்க வேண்டும். அதற்கு வில்லின் இரண்டு பக்கத்தையும் இடுக்கி நெருக்கி, நாணைத் தளர்த்த வேண்டும். இடுக்குகிற சாமானை மார்ஜ் இரவல் தந்தார். வளையத்தை இறக்கிக் கட்டினேன். குறிமுள்ளை மாற்றினேன். தாங்கியைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்து முதலிலிருந்து தொடங்கினேன். மெதுவாக ஓடுகிற படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வார்த்தை முடியும்போது என் மூச்சு வெளியே போய், நெஞ்சு இறங்கி, வில் ஆடாமல் நிற்கிறது. ஆகவே அந்த இடத்தில்தான், நாணைப் பிடித்திருக்கிற கைக்கொக்கியின் விசையைத் தட்டினேன். ஒவ்வொரு அம்புக்கும் வாய்விட்டுச் சொன்னேன், கடதாசியாக இருந்தாலும் சொன்னேன்.

பன்றித் தொடை தீர்ந்து, வான்கோழி விளம்பரம் தொடங்கியிருந்தது. ஒரு வான்கோழியின் நெஞ்சில் வட்டமாக ஒரு ஓட்டை, மூன்று கீறல். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நான் கராஜில் தனியாக நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், வேறென்ன.

அடுத்த நாள் ஒரு கத்தி வாங்கினேன். மான் உயிரோடு கிடந்தால் அறுக்க வேண்டுமே. நீளமான, நல்ல கத்தி. தீட்டி நகத்தில் வைத்துப் பார்த்தேன். ரிஸ்வி அதை அலுமாரிக்குள் வைக்கப் போனார். வாணாம் என்றேன். குசினிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன்.

7

மார்ஜின் நிலத்துக்குப் போன நாள் நல்ல காற்று. ரிஸ்விக்கு வேலை, ஸஹ்ராதான் வண்டி ஓட்டினாள். அங்கே போனால் மார்ஜின் பேரனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ஸஹ்ராவின் பள்ளிக்கூடம். அவர்களைக் கண்டதும் என் மகளின் முகம் மாறியது. "நான் கார்லயே இருக்கேன் மொம்" என்றாள். கதவைக்கூடத் திறக்கவில்லை.

மார்ஜ் தட்டைப் பலகையில் அடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட கிழவி வில் பிடிக்கிறாள், பார்க்கமாட்டார்களா? நாணை இழுத்தேன். கன்னத்து எலும்பில் கை நின்றது. வாயைத் திறக்கப் போனேன். அவ்வளவுதான், எங்கிருந்தோ அந்தப் பழைய பஸ் வந்துவிட்டது. சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மூச்சு நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, விசை தட்டுப்பட்டது. அம்பு தட்டுக்கு மேலால் போய்ப் பலகையின் விளிம்பில் குத்தி நின்றது.

"ஒன்று போச்சு" என்றார் மார்ஜ். இனி மூன்றும் விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த வருஷம்.

அடுத்த அம்பைப் பூட்டினேன். எனக்கு என்மேலேயே அவ்வளவு கோபம். விடிய விடிய நானாவோடு வாதாடி, புருஷனோடு வாதாடி, இவ்வளவும் திருத்தி, கடைசியில் மூன்று பொடியன்கள் பார்த்ததும் வாய் அடைத்துப் போகிறதென்றால் நான் எதற்கு?

பின்னால் கார்க் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உம்மா!"

வயல் முழுக்கக் கேட்கிற சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். ஸஹ்ரா காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள், இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு.

"உம்மா! வாய்க்குள்ள செல்லிட்டீங்க! அதான் மேல போனது! வாய உட்டுச் செல்லுங்க!"

மார்ஜின் பேரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். அவள் முகம் செக்கச்சிவந்து போனது எனக்கு அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. ஆனால் காருக்குள் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்றாள். கையைக்கூட இறக்கவில்லை.

நான் நாணை இழுத்தேன். வாயைத் திறந்து சொன்னேன். பக்கத்தில் நின்ற மார்ஜ் திடுக்கிட்டார் என்று பிறகு ஸஹ்ரா சொன்னாள். மகாவலிப் பாலம்வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், அப்படிச் சொன்னேன். அம்பு தட்டில். இரண்டாவது தரமும் சொன்னேன், தட்டில். மூன்றாவதை விட முன்னால் ஸஹ்ராவும் என்னோடு சேர்ந்து அங்கிருந்து சொன்னாள். தட்டில்.

மார்ஜ் காதைத் தேய்த்துக்கொண்டார். "இந்த வருஷம் என் மானெல்லாம் அடுத்த நிலத்துக்குப் போய்விடும்" என்றார். பிறகு தட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

அந்தத் தட்டு இப்போது எங்கள் குசினிச் சுவரில், கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில். தட்டுக்கு ஆணி அடித்தவர் ரிஸ்வி. வாசலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து அடித்திருக்கிறார், நான் சொல்லவில்லை. கம்பளையில் எங்கள் வீட்டைச் சோதிக்க யாரும் வரவில்லை. இங்கே யாராவது வந்து வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால், வாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டு முதலில் அதைத்தான் காட்டுவேன்.